பைப்புக்குப் போன சீர்

என் கல்யாணச் சீர் எங்க கடை பைப்பைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

காலையில ஏலத்துல மீன் எடுத்துட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றேன். கூடையில தட்டை மீனு துள்ளுது. துறைமுகச் சுவரோட வெளிப்பக்கமா, கடலுக்கு மேல தொங்குற மாதிரி போகுதே எங்க நல்ல தண்ணி பைப்பு, அதுக்குப் புதுசா என்னத்தையோ சுத்தி, மேல பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு, நைலான் கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தாங்க. சரி, வடக்குக் காத்து வருதுன்னு டிவியில சொன்னானே, பைப்பு உறையக்கூடாதுன்னு அத்தை, என் மாமியார், முந்திக்கிட்டாங்கன்னு நெனச்சேன். கிட்டப் போனா ஷீட்டுக்குள்ள செவப்புக் கரை தெரியுது. கரையில வெள்ளை நூலு. எங்கம்மா கைத்தையல்.

வண்டியை அப்படியே விட்டுட்டேன். மீனு ஒண்ணு எகிறி ரோட்டுல விழுந்து துடிச்சது. துடிக்கட்டும்னு நின்னேன்.

எங்க பக்கம் கல்யாணம்னா, பொண்ணு வீட்டுல இருந்து மாமனார் மாமியாருக்குப் பஞ்சுப் போர்வை சீரா வரணும். அது வராம மருமக வாசப்படி ஏற முடியாது. எங்கம்மா தெக்கே பருத்தி போடுற ஊர்க்காரி. கடையில வாங்கிக் குடுத்தா எம்பொண்ணுக்கு மரியாதை இல்லன்னு, அவளே பஞ்செடுத்து, அடிச்சு, உக்காந்து தச்சா. தச்சு முடிச்சப்ப அவ விரல்ல ஊசி குத்தாத இடமே இல்ல. அந்தப் போர்வைதான் இப்ப கடல் காத்துல பைப்புக்கு ஸ்வெட்டர்.

கடல்தண்ணி பைப்பைப் பத்தி எங்களுக்குக் கவலை கெடையாது. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், மீன் தொட்டிக்குத் தண்ணி போய்க்கிட்டே இருக்கும், உறையாது. நல்ல தண்ணி பைப்புதான் வம்பு புடிச்சது. கடைக்குப் பின்னாடி பாறை, அதனால சுவரை ஒட்டி வெட்டவெளியிலதான் அது வந்தாகணும். குளிர் ஆரம்பிச்சா துறைமுகத்துல எல்லாரும் வீட்டைக் கொடைஞ்சு கிழிசல், கந்தல், பழைய கோட்டு எல்லாத்தையும் கொண்டாந்து பைப்புக்குச் சுத்துவோம். கரண்ட்டுல சூடாகிற கம்பி விக்கிறான். அதைச் சுத்தின ஒருத்தன் கொட்டகை எரிஞ்சதுல இருந்து எங்க அத்தை அதைப் பேச்சுக்குக்கூட எடுக்க விடுறதில்ல. ஆக, பைப்புக்குப் போச்சுன்னா அது குப்பைன்னு அர்த்தம். இது எங்க ஊர்ல பச்சைப் புள்ளைக்கும் தெரியும்.

என் சீரு குப்பை. என் ஓரகத்தி ஹேரானோட சீரு?

அது சியோல்ல பெரிய கடையில வாங்கின பட்டு. தங்க நூல்ல ரெண்டு கொக்கு. அவ மருமகளா வந்த நாள்ல இருந்து அத்தையோட அலமாரியில மேல் தட்டுல உறை பிரியாம உக்காந்திருக்கு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அலமாரியைத் தெறந்து, "எங்க சின்னவ கொண்டாந்தது"ன்னு அத்தை காட்டுவாங்க. அப்பல்லாம் நான் அடுப்படியில முள்ளங்கி நறுக்கிக்கிட்டு இருப்பேன். முள்ளங்கி என்ன பாவம் பண்ணுச்சோ, பொடிப்பொடியாப் போகும்.

பொறாமைதான். இல்லைன்னு யார் சொன்னா? அவளுக்குக் கை மெலிசு, அப்படியே பச்சையாத் திங்கிறதுக்கு மீன் துண்டு போட்டா கண்ணாடி மாதிரி வரும். வர்றவனெல்லாம் "சின்னம்மா கையால வெட்டித் தரச் சொல்லுங்க"ன்னு கேப்பான். அத்தை அவளைக் கூப்பிடறது "கண்ணு". என்னைக் கூப்பிடறது "ஏ பெரியவளே". இருபத்தாறு வருஷமா ஏ பெரியவளே.

இந்த வருஷம் அது இன்னும் முத்திப் போச்சு. காரணம் இருக்கு. அத்தைக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. கடைக்குள்ளேயே இருக்கிற அவங்க ரூம்ல இனிமே தனியா இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டுக்கு வாங்கன்னு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். எங்க வீட்டுக்குன்னு என் கொழுந்தன் கூப்பிட்டார். அத்தை ரெண்டு பேருக்கும் பிடி குடுக்கல. "புது வருஷப் படையல் முடியட்டும், சொல்றேன்"னுட்டாங்க.

ஊரு உலகத்துல மாமியாரை யார் வச்சுப் பாக்கிறதுன்னு சண்டை. எங்க வீட்டுல எனக்குத்தான் வேணும்னு சண்டை. சிரிப்பா இருக்கா? மூத்த மருமக இருக்கும்போது மாமியார் சின்னவ வீட்டுக்குப் போனா, துறைமுகம் முழுக்க என்ன பேசும்? "அந்த அம்மா யோங்சுன்கிட்ட என்ன பாடுபட்டுச்சோ"ன்னு என்னைத்தான் பேசும். அதை விடுங்க. ஊருக்காக இல்ல. எனக்கே வேணும். ஒரு தடவையாவது அவங்க என்னைத் தேர்ந்தெடுக்கணும்.

பக்கத்துல கணவாய் காயப்போடுற சுன்தோக் அக்கா வேற, எரியற நெருப்புல எண்ணெயை ஊத்துறதுக்குன்னே பொறந்தவங்க. நான் பைப்புக்கிட்ட நிக்கிறதைப் பாத்துட்டு இடுப்புல கையை வச்சுக்கிட்டு வந்தாங்க.

"என்னடி யோங்சுன், உன் சீரு கடலைப் பாத்துக்கிட்டு நிக்குது?"

"பழசாயிடுச்சு அக்கா. அதான்."

"பழசு ஆனா என்ன? எங்க மாமியா போனப்போ நான் குடுத்த போர்வையத்தான் மேல போத்தி விட்டோம். உன் மாமியா உசுரோட இருக்கும்போதே பைப்புக்குப் போத்திட்டாளே!"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கே. இதைப் போய் நாலு பேர்கிட்டச் சொல்லணும்ல?" சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க.

நான் நேரா கடைக்குள்ள போனேன். அத்தை அடுப்போரமா ஸ்டூல்ல உக்காந்து காலை நீட்டி வச்சிருந்தாங்க. ஹேரான் அவங்க முட்டிக்கு மருந்து தடவிக்கிட்டு இருந்தா. அதைப் பாத்ததும் இன்னும் ஏறுச்சு.

"அத்தை, பைப்புல என்ன சுத்தியிருக்கீங்க?"

"போர்வை. ஏன், கண்ணு தெரியலையா?"

"யாரோட போர்வை?"

"பழைய போர்வை. பழசைத்தானே சுத்துவாங்க? பட்டையா சுத்துவாங்க?"

ஹேரான் தலையைத் தூக்கவே இல்ல. மருந்தையே தடவிக்கிட்டு இருந்தா. உள்ளுக்குள்ள சிரிக்கிறாடா சாமின்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதில் பேசினா அழுதுடுவேன்னு தெரிஞ்சுது. போய் மீனை எடுத்துத் தொட்டியில போட்டேன். ரோட்டுல விழுந்தது செத்துப் போயிருந்துச்சு.

மறுநாள். புது வருஷப் பண்டிகைக்கு இன்னும் ரெண்டே நாள். மதியத்துக்கு மேல அத்தையை ஹேரான் ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல் கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. பண்டிகைக்கு முன்னாடி ஊரே போய் ஊறிட்டு வரும். அங்க போனா முதுகு தேச்சு விடணும். மாமியார் முதுகை அவ தேய்ப்பா, அவ முதுகை மாமியார் தேய்ப்பாங்க. என்னை யாரும் கூப்பிடல. "கடையை நீ பாத்துக்க பெரியவளே"ன்னாங்க. பாத்துக்கிட்டேன். நல்லாவே பாத்துக்கிட்டேன்.

அத்தை ரூமுக்குப் போய் அலமாரியைத் தெறந்தேன். மேல் தட்டுல இருந்து பட்டுப் போர்வையை இழுத்தேன். உறையைப் பிரிச்சேன். கடை வாசனை இன்னும் போகல. கையில எடுத்தா வழுக்கிக்கிட்டுப் போகுது. தோள்ல போட்டுக்கிட்டு நேரா பைப்புக்குப் போனேன். கயித்தை அவுத்து, எங்கம்மா போர்வையை எடுத்துச் சுருட்டி வண்டியில வச்சேன். கொக்கு ரெண்டும் வெளிய தெரியற மாதிரி பட்டைச் சுத்தினேன். அழகாத்தான் இருந்துச்சு. பைப்புக்கே கல்யாணம் பண்ற மாதிரி.

பிளாஸ்டிக் ஷீட்டைப் போடல. மறந்து போடாம விட்டதில்ல, வேணும்னே விட்டேன். ஷீட்டு போட்டா யாருக்குத் தெரியும்? அவ குளிச்சுட்டு மாமியார் கையைப் புடிச்சுக்கிட்டு அந்த வழியா வரணும். சுன்தோக் அக்கா பாக்கணும், ஊரே பாக்கணும். அதுக்குத்தானே இவ்வளவும்.

ஆனா அன்னிக்கு சாயங்காலமே காத்து கெளம்பிடுச்சு. ஒரு ஈ காக்கா வெளிய வரல. குளிக்கப் போனவங்க கொழுந்தன் கார்ல ஏறி அப்படியே அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாங்க. நான் கடைச் சன்னல் வழியா எட்டி எட்டிப் பாத்தேன். அலை சுவர்ல மோதி மேல தெறிக்குது. தெறிச்ச தண்ணியெல்லாம் கொக்கு மேல விழுது. பஞ்சு நனையாத வரைக்கும்தான் பைப்புக்குக் காவல். நனைஞ்சா அதுதான் ஐஸுக்குத் தாய்வீடு. எனக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். போய் ஷீட்டைப் போடுன்னு மனசு சொல்லுது. போட்டா அவ பாக்க மாட்டாளேன்னு வயிறு சொல்லுது. வயிறுதான் ஜெயிச்சது.

காலையில குழாயைத் தொறந்தா சொட்டுத் தண்ணி இல்ல. உறையாம இருக்க ராத்திரி நூல் மாதிரி ஒழுக விட்டு வச்சிருந்ததும் நின்னு போய், குழாய் வாயில ஒரு ஐஸ் குச்சி தொங்குது. பண்டிகைக்கு முதல் நாள். மத்தியானத்துக்குள்ள ஆர்டர் சொன்னவங்களுக்கு ஊர்ப்பட்ட மீன் தட்டு வெட்டிக் குடுக்கணும். கத்தி கழுவத் தண்ணி இல்ல.

எல்லாரும் பைப்புக்கு ஓடினோம். என் வீட்டுக்காரர் கொதிக்கிற கெண்டியைத் தூக்கிக்கிட்டு வந்தார். அத்தை ஊன்றுகோலை ஓங்கினாங்க. "அதை ஊத்துடா, பைப்பு வெடிச்சு நாம எல்லாரும் குளிக்கலாம்! துணியை வெதுவெதுப்பா நனைச்சுக் கொண்டா. குழாய்ப் பக்கத்துல இருந்து ஆரம்பி." அப்புறம்தான் பைப்பைப் பாத்தாங்க. ஹேரானும் பாத்தா.

பட்டு பலகை மாதிரி வெறைச்சுப் போயிருந்துச்சு. கொக்கோட மூக்குல இருந்து ஐஸ் தொங்குது. நான் பதிலைத் தயாரா வச்சிருந்தேன். "பழசைத்தான் சுத்தணும்னீங்க, புதுசு பழசாக வேணாமா?" ராத்திரி முழுக்க சொல்லிச் சொல்லிப் பழகி வச்சிருந்தேன். அவ கத்தட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன்.

அவ கத்தல. கையுறையைக் கழட்டி, விரலால அந்தப் பட்டைத் தட்டிப் பாத்தா. டக்டக்குன்னு சத்தம் கேட்டுச்சு.

"அப்பாடா," அப்படின்னா.

"என்னடி அப்பாடா?"

"பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒருத்தராவது இதைப் பிரிச்சிருக்கீங்க."

சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது மூஞ்சி கோணிப் போச்சு.

"உங்களுக்கு என்ன அக்கா குறை? தெனமும் ராத்திரி உங்க அம்மா தச்ச போர்வைக்குள்ளதான் அத்தை தூங்கினாங்க. வெயில் காலத்துலகூட கால்ல போட்டுப்பாங்க. கிழிஞ்சா யார் தச்சா? நான். வருஷா வருஷம் என்னை உக்கார வச்சு, 'கண்ணு, உனக்குத்தான் கை மெலிசு, பெரியவ போர்வைக்கு ஒட்டுப் போடு'ம்பாங்க. என் சீரு மேல் தட்டுல கெடக்கும். நான் கீழ உக்காந்து உங்க சீருக்கு ஒட்டுப் போடுவேன். ஒரே ஒரு ராத்திரி இதைப் போத்துங்க அத்தைன்னு ஒரு தடவை கேட்டுட்டேன். 'வழுக்குதும்மா'ன்னுட்டாங்க."

நான் அத்தையைப் பாத்தேன். அத்தை கடலைப் பாத்தாங்க.

"நிஜமா அத்தை?"

"அதுக்கென்ன இப்போ? அதுலதான் தூக்கம் வருது. வந்து ஹேர் டிரையரைப் புடிங்கடி, பேச்சைப் பாரு."

எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், குதிக்கலாம் போல இருந்துச்சு. பதினோரு வருஷமா நான்தான் ஜெயிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியல! அந்த நேரம் பாத்து ஹேரான் மூஞ்சியைப் பாத்துத் தொலைச்சேன். மூக்கு செவந்து, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, பட்டை ஐஸுல இருந்து பிச்சுப் பிச்சு எடுக்கிறா. அந்த மூஞ்சியை எனக்குத் தெரியும். மேல் தட்டைப் பாத்துட்டு முள்ளங்கி நறுக்கும்போதெல்லாம் நான் வச்சிருந்த மூஞ்சி அது.

அவ கந்தல் எடுத்துட்டு வரக் கடைக்குள்ள போனா. ஆம்பளைங்க தெருமுனையில கடைசி வளைவைச் சூடாக்கிக்கிட்டு இருந்தாங்க. நானும் அத்தையும் மட்டும்தான் பைப்புக்கிட்ட. நான் ஹேர் டிரையரைப் புடிச்சிருக்கேன், அத்தை ஸ்டூல்ல உக்காந்து துணியைப் புழிஞ்சு குடுக்கிறாங்க.

"பெரியவளே," அப்படின்னாங்க, மெதுவா. "அந்தப் போர்வை நைஞ்சு போச்சு. இனிமே ஒட்டுப் போட எடமில்ல. அதான் சுத்தினேன்."

"சரி அத்தை."

"உன் வீட்டுக்கு வந்ததும் உன்கிட்டப் புதுசா ஒண்ணு தைக்கச் சொல்லலாம்னு இருந்தேன். உன் அம்மா தையல் உனக்கு வருமில்ல? துணிமணியெல்லாம் எப்பவோ கட்டி வச்சுட்டேன். நாளைக்குப் படையல் முடிஞ்சதும் சொல்லலாம்னு பாத்தேன்."

இதுதான் எனக்கு வேணும்னு இருந்தது. இதுக்குத்தான் அத்தனை முள்ளங்கி, அத்தனை எரிச்சல், ஒரு பட்டுப் போர்வை நாசம். இந்தா வச்சுக்கன்னு கையில வந்து விழுந்துடுச்சு. தலையை ஆட்டினாப் போதும்.

ஹேரான் பாவம்னு தோணுச்சு. எனக்கே பிடிக்காத நெனப்பு, சனியன், வந்து தொலைஞ்சது. ஒட்டுப் போட்ட கையைப் பத்தின நெனப்பு.

"வேணாம் அத்தை," அப்படின்னேன். "சின்னவ வீட்டுக்குப் போங்க."

அத்தை துணியைக் கீழ வச்சுட்டாங்க. "என்னது?"

"உங்க குறட்டையோட என்னால குடும்பம் நடத்த முடியாது. அவ வீட்டுல அவளோட போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்குங்க. இது கெட்டுப் போச்சுன்னா வேற பட்டு வாங்குவா, அதைப் போத்துங்க. வழுக்கினா இழுத்து விட்டுக்குங்க."

"கோவமாடி என்மேல?"

"ஆமா, பயங்கரக் கோவம். என்கிட்டக் கேட்டதையும் நான் வேணாம்னதையும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. நீங்களாத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தீங்க. அப்படித்தான் எல்லாருக்கும் தெரியணும். சொன்னீங்க, அப்புறம் உங்களுக்குக் கஞ்சி ஊத்தக்கூட வர மாட்டேன்."

அத்தை என்னை நிமிந்து பாத்தாங்க. என்னைக்கும் அப்படிப் பாத்ததில்ல. பைப்புக்குள்ள களக்குன்னு ஒரு சத்தம். கடைக்குள்ள இருந்து ஹேரான், "தண்ணி வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!"ன்னு கத்தினா.

நான் எங்கம்மா போர்வையைத் திரும்பவும் பைப்புக்குச் சுத்தி, ஷீட்டைப் போட்டு, கயித்தை இறுக்கிக் கட்டினேன். அத்தனை தட்டும் நேரத்துக்கு வெட்டிக் குடுத்தோம்.

மறுநாள் எங்க வீட்டுலதான் படையல். மாமனார் படத்துக்கு எல்லாரும் விழுந்து கும்பிட்டு எந்திரிச்சதும் அத்தை தொண்டையைச் செருமினாங்க. "நான் யோசிச்சுப் பாத்தேன். சின்னவ வீட்டுக்கே போறேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கொழுந்தன் என்னைப் பாக்கக் கூசினார். பண்டிகைக்குக் கும்பிட வந்த சுன்தோக் அக்கா "த்ச்சொ, த்ச்சொ"ன்னு உச்சுக்கொட்டினதுல, இன்னும் ஒரு மாசத்துக்குத் துறைமுகத்துக்கு என்ன பேச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஹேரான் மூஞ்சி மட்டும் விளக்கேத்தின மாதிரி ஆயிடுச்சு. அத்தை கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் படையல் தட்டுங்களை அடுக்கி எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பின்னாடியே வந்தா. என் தோளைத் தொட்டு, புள்ளையைச் சமாதானப்படுத்துற மாதிரி மெதுவாச் சொன்னா.

"மனசுல வச்சுக்காதீங்க அக்கா. அவங்களுக்கு உங்க மேல பிரியம் இல்லாம இல்ல. அவங்க மனசு என்னன்னு உங்களுக்குப் புரியல, அவ்வளவுதான். நான் நல்லாப் பாத்துக்கறேன்."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். இன்னும் செரிக்கல.